ஏழு தும்மல் தூரம்

ஆகஸ்ட் பிறந்து பத்து நாள் போனால்
யூலின் நகரில் தூரத்தைத்
தும்மலால் அளக்கிறோம்.
ரயிலடியிலிருந்து சந்தை வாசல்
ஏழு தும்மல்.
ஒவ்வொன்றுக்கும் கண் மூடிக்கொள்கிறது.
மூடிய கண்ணோடு பேருந்து
பத்து மீட்டர் ஓடுகிறது.
உள்ளே நாற்பது பேர்.
அவர்களும் தும்முவதால்
யாரும் புகார் எழுதுவதில்லை.

ஒரு தும்மல் என்றால் யாரோ நினைக்கிறார்கள்,
இரண்டென்றால் யாரோ திட்டுகிறார்கள்
என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.
முப்பத்திரண்டுக்கு என்ன பொருள் என்று
ஷூமினைக் கேட்டேன்.
மாத்திரை போடாத புருஷன் என்று பொருள்,
என்றாள்.

போட்டால் தூக்கம் சொக்குகிறது.
சொக்குகிற கைக்கு ஸ்டியரிங் கிடையாது.
ஆகவே இந்த வருஷம் முந்திக்கொண்டேன்.
ஜூலையிலேயே,
டயர் கடை மாடியில்
வைத்தியர் மியாவ் யாஜூன்.

நாக்கை நீட்டச் சொன்னார்.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பவர்போல்
அசையாமல் இருந்தார்.
"உங்கள் கதவு சரியாக மூடவில்லை.
காற்று இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது."
பேருந்துக்காரனுக்கு
இதைவிட விளக்கம் வேண்டாம்.

வெயில் உச்சத்தில் நிற்கும் நாட்களில்
பத்து நாளைக்கொரு தரம், மூன்று தரம்
வெண்கடுகை இஞ்சிச் சாற்றில் குழைத்து
முதுகில் பற்று.
கொப்புளத்தோடு இருக்கையில் சாய முடியாமல்
ராணுவ வீரன்போல் நிமிர்ந்து ஓட்டினேன்.
குடிக்க,
மக்னோலியா மொட்டும் வறுத்த மருளூமத்தைக் காயும்
கொதித்த கறுப்புத் தண்ணீர்.
பிறகு ஒரு பொடி.
பச்சைமணித் திரை என்று பெயர்.
காற்றைத் தடுக்குமாம்.
பெயரளவில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் வந்தது.
மணம் போனது.
மூக்கின் இரு கரையிலும் ஊசி ஏற்றினார்.
அந்தப் புள்ளிக்கு
வாசனையை வரவேற்குமிடம் என்று பெயர்.
வரவேற்பு தயார்.
விருந்தாளியைக் காணோம்.

அப்புறம் ஒரு சுருட்டைக் கொளுத்தி
முழங்காலுக்குக் கீழே காட்டினார்.
சூடு தெரிந்தது, புகை தெரிந்தது.
என்ன இலை என்றேன்.
"மாசிபத்திரி."
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
"மணல்மேட்டில் பூத்து நம்மைக் கொல்லும் அதேதானே?"
"அது இல்லை. அதன் பங்காளி."

பங்காளி என்றால் தெரியாதா எனக்கு.
பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு
எங்களைத்தான் மணலுக்கு அனுப்பினார்கள்.
விமானம் விதை தூவியது மேலே,
குழி தோண்டினேன் நான் கீழே.
அப்போதெல்லாம் காலையில் வீட்டுக் கதவை
மணலை வாரித்தான் திறக்க வேண்டும்.
நட்டோம்.
மணல் நின்றது.
செடி பூத்தது.
யாரைத் திட்டுவது சொல்லுங்கள்,
என் கைரேகை இருக்கிறது அந்த வேரில்.

முள்ளை முள்ளால், என்று முணுமுணுத்தபடி
மறுபடி படுத்தேன்.
அப்போது வைத்தியர் தும்மினார்.
ஒன்று. மூன்று. ஒன்பது.
சுருட்டுச் சாம்பல் என் முழங்காலில் உதிர்ந்தது.
முகக்கவசத்துக்கு மேலே
இரண்டு சிவந்த கண்கள்.
எத்தனை வருஷமாக என்றேன்.
"பதினான்கு" என்றார்.
எனக்குப் பதினொன்று.
சிரித்தோம்,
சிரிப்பும் தும்மலில் போய் முடிந்தது.

முப்பத்திரண்டு பத்தொன்பதாகியிருக்கிறது.
பற்றா, கறுப்புத் தண்ணீரா,
இரவில் ஷூமின் ஊட்டும் பாதி மாத்திரையா,
செப்டம்பரில் தப்பிப் பெய்த மழையா?
வைத்தியரும் சத்தியம் பண்ணவில்லை.
அதனாலேயே
அடுத்த ஜூலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்டோபரில் முதல் உறைபனி.
விடிகாலை ஆறு பத்து வண்டி.
பூண்டுத்தாள் அடையைக் கையில் வைத்துக்கொண்டு
ஒருவன் ஏறினான்.
வண்டி முழுக்க நாறியது,
எல்லாரும் முகம் சுளித்தார்கள்.
அடை சூடு, எண்ணெய் பழசு,
முட்டையும் இருக்கிறது உள்ளே.
எல்லாம் தெரிந்தது எனக்கு.

விதிப்படி இறக்கிவிட வேண்டும்.
எனக்குப் பின்னால் இருக்கை காலி,
இங்கே உட்காரய்யா என்றேன்.